பொதுவகத்துக்குள்ளேயே வீடியோவை வெட்டுவது: எப்போது சரி, எப்போது வேண்டாம்?

மார்ச் 2, காலை

விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கான படங்களும் வீடியோக்களும் இருக்கிற பொதுக் கிடங்குதான் விக்கிமீடியா பொதுவகம். அதைப் பற்றி ஒரு வாசகர் கேட்டது: "விக்கிமீடியா பொதுவகத்தில் எங்கள் ஊர்க் கொடை விழா வீடியோ ஒன்றை ஏற்றியிருக்கிறேன். 11 நிமிடம் ஓடும். கட்டுரைக்கு வேண்டியது நடுவில் வரும் கரகாட்டம் மட்டும்தான். வீடியோகட்டூல் என்று பிரவுசரிலேயே வெட்டுகிற கருவி இருக்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தேன், குழந்தைகள் விளையாடும் பொம்மை மாதிரி இருக்கிறது. கணினியில் நல்ல எடிட்டர் வைத்திருப்பவர் இதை எதற்குத் தொட வேண்டும்? இன்னொன்று, வெட்டியதைப் பழைய கோப்பின் மேலேயே ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததுதானே?"

மார்ச் 2, இரவு

பொம்மை என்றால் பொம்மைதான், மறுக்கவில்லை. மொத்தம் நாலு வேலை: நேரத்தை வெட்டும், ஓரத்தை வெட்டும், படத்தைத் திருப்பும், ஒலியை நீக்கும். எழுத்து ஓட்ட முடியாது, நிறம் திருத்த முடியாது, ஒரு காட்சி கரைந்து அடுத்தது வருகிற கல்யாண வீடியோ வித்தை எல்லாம் கிடையாது. அது வராததே நல்லது என்று நினைக்கிற ஆள் நான், அது வேறு கதை.

ஆனால் எடிட்டராக மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. பொதுவகக் கணக்கில் உள்நுழைந்து கோப்பின் முகவரியை ஒட்டினால் வீடியோ திறக்கும். எங்கிருந்து எதுவரை என்று மணி, நிமிடம், விநாடி கொடுக்கிறோம். பல துண்டுகள் வேண்டுமென்றால் அவற்றை ஒட்டி ஒரே வீடியோவாகவும் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். வெட்டும் வேலை நம் பிரவுசரில் நடப்பதில்லை, விக்கிமீடியாவின் மேகக் கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் செய்கிறது. நாம் முன்னோட்டம் மட்டும் பார்க்கிறோம். பிடித்திருந்தால் பெயரும் விளக்கமும் கொடுத்து அங்கிருந்தே நம் பெயரில் பொதுவகத்துக்கு அனுப்பலாம். எங்கள் ஊர் இணையத்தில் 800 எம்பி கோப்பை இறக்கி, வெட்டி, மறுபடி ஏற்றுவது என்றால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்து நின்றுபோயிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. இதில் கோப்பு என் கணினிக்கு வரவே தேவையில்லை. பழைய லேப்டாப் போதும், அவசரத்துக்கு போன் கூடப் போதும்.

அதைவிடப் பெரிய லாபம், வெட்டிய துண்டுக்குத் தன் தாய்க் கோப்பு எது என்று தெரிந்திருப்பது. கணினியில் வெட்டி ஏற்றுபவர்கள் பெரும்பாலும் "சொந்தப் படைப்பு" என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். படம் எடுத்தவர் வேறொருவராக இருப்பார். சிசி பை-எஸ்ஏ என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் கட்டற்ற உரிமத்தில் ஒருவர் போட்டதை வெட்டினால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றம் செய்ததையும் சொல்ல வேண்டும், அதே உரிமத்தில்தான் விட வேண்டும். தாய்க் கோப்பு கண் முன்னால் திறந்திருக்கும்போது இதெல்லாம் மறப்பது கஷ்டம். மறக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஏற்றுவதற்கு முன் விளக்கத்தில் மூலக் கோப்பின் இணைப்பும் உரிமமும் இருக்கின்றனவா என்று ஒரு தடவை பாருங்கள், இல்லையென்றால் "எக்ஸ்ட்ராக்டட் ஃப்ரம்" (இதிலிருந்து எடுத்தது) என்ற வார்ப்புருவை, அதாவது பக்கத்தில் ஒட்டுகிற ஆயத்தக் குறிப்பை, கையால் போடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு நாளை வருகிறேன்.

மார்ச் 3

மேலேயே ஏற்றுவது: வேண்டாம்.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

காரணம் கேட்டு இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். சரி.

பொதுவகத்தில் ஒரு கோப்பு நமக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. எந்த விக்கிப்பீடியாவில் யார் அதை எந்தக் கட்டுரையில் போட்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. கோப்புப் பக்கத்தின் அடியில் உலகளாவிய பயன்பாடு என்று ஒரு பட்டியல் வரும், பாருங்கள். உங்கள் கொடை விழா வீடியோவை வேறு ஒருவர் முளைப்பாரிக்காகப் பயன்படுத்தியிருக்கலாம். நீங்கள் கரகாட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டி மேலே ஏற்றினால், அவர் கட்டுரையில் முளைப்பாரி என்று எழுதிய இடத்தில் கரகம் ஆடும். சின்னத் திருத்தம் என்றால் மேலே ஏற்றலாம், உள்ளடக்கம் மாறுகிறது என்றால் தனிக் கோப்பு. அங்கே பொதுவான வழக்கம் அதுதான். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிற வீடியோவை நிமிர்த்துவது முதல் வகை. 11 நிமிடத்தை 2 நிமிடமாக்குவது இரண்டாம் வகை.

அதோடு திரையின் அடியில் ஓடும் வசனங்கள் (சப்டைட்டில்). அவற்றுக்கான டைம்டுடெக்ஸ்ட் பக்கத்தில் தமிழுக்கு எஸ்ஆர்டி (நேரக் குறிகளோடு வசனம்) எழுதி வைத்திருந்தால், அது கோப்பின் பெயரோடுதான் கட்டுப்பட்டிருக்கும். முன்னாலிருந்து 40 விநாடி வெட்டினீர்கள் என்றால் வசனம் ஒவ்வொன்றும் 40 விநாடி பிந்தி வரும். கட்டுரையில் முகப்புப் படத்துக்காக தம்ப்டைம் (எந்த நேரத்துக் காட்சி வேண்டும் என்ற குறிப்பு) கொடுத்து வைத்திருப்பவர்களுக்கும் அதே கதி, நல்ல காட்சி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பார், அங்கே இப்போது யாரோ ஒருவருடைய முதுகு நிற்கும். புதுக் கோப்பாகப் போட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. எஸ்ஆர்டியை மட்டும் நகலெடுத்து, நேரத்தைக் கழித்து, புதுப் பெயரில் போட வேண்டும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் எல்லா வரியையும் ஒரே அடியாக முன்னே தள்ளலாம்.

மார்ச் 5

நேற்று வேறு வேலையாகப் போனபோது தோன்றியது: இந்தக் கேள்விக்கு வெட்டவே தேவையில்லை!

கட்டுரையில் வீடியோவைப் போடும்போது கோப்பின் பெயரோடு சேர்த்து ஸ்டார்ட், எண்ட் என்று இரண்டு அளவுருக்கள் கொடுக்கலாம். 4:10இல் ஆரம்பி, 6:05இல் நிறுத்து என்று எழுதினால் வாசகருக்கு அந்தப் பகுதிதான் ஓடும். கோப்பு முழுதாக அப்படியே இருக்கும். கூடவே 4:30க்கு ஒரு தம்ப்டைம் கொடுத்தால் முகப்பில் கரகம் தலையில் நிற்கிற காட்சியும் வந்துவிடும். இதைத் தெரியாமல் எத்தனையோ துண்டுகள் வெட்டப்பட்டுக் கிடக்கின்றன, என்னுடையதும் சேர்த்துத்தான்.

அப்படியானால் வெட்டுவது எப்போது? துண்டுக்கென்று தனி வாழ்க்கை இருக்கும்போது. கரகாட்டம் என்ற பகுப்பில் (ஒரே பொருள் பற்றிய கோப்புகளின் தொகுப்பு) போய்த் தேடுகிற ஒருவருக்கு "கொடை விழா 11 நிமிடம்" என்ற கோப்பு கிடைத்தால் அவர் திறந்து பார்க்க மாட்டார். ஆசிரியர் ஒருவர் வகுப்பில் காட்ட இறக்குகிறார் என்றால் அவருக்கு 2 நிமிடக் கோப்புதான் வேண்டும், அளவுரு எல்லாம் இறக்கிய கோப்போடு கூட வராது. விக்கித்தரவில் (விக்கிமீடியாவின் தரவுத்தளம்) கரகாட்டம் என்ற உருப்படிக்கு வீடியோ இணைப்பதென்றாலும் தனிக் கோப்பாக இருப்பதுதான் வசதி. ஒரே ஒரு கட்டுரைக்கு மட்டும் என்றால் அளவுரு போதும்.

மார்ச் 6

ஒருவர் எம்பி4 கோப்பு பற்றிக் கேட்டிருக்கிறார், "போனில் எடுத்ததை அப்படியே ஏற்ற விட மாட்டேன் என்கிறதே" என்று. பொதுவகம் எம்பி4 வாங்காது. அதற்குள் வழக்கமாக இருக்கும் ஹெச்.264 என்ற சுருக்க முறைக்குக் காப்புரிமைக் (பேடண்ட்) கட்டு இருக்கிறது, கட்டற்ற வடிவங்களை மட்டும்தான் வைத்திருப்போம் என்பது அங்கே பிடிவாதமான கொள்கை. 2014இல் எம்பி4 அனுமதிக்கலாமா என்று பெரிய கலந்துரையாடல் நடந்து, வேண்டாம் என்று முடிந்தது. ஆகவே வெப்எம் என்ற கட்டற்ற வடிவம்தான் நல்ல வழி, உள்ளே விபி9 அல்லது ஏவி1 என்ற சுருக்க முறை. மாற்றித் தர வீடியோடுகாமன்ஸ் என்று தனிக் கருவி இருக்கிறது, அது உங்கள் எம்பி4ஐ வாங்கி வெப்எம் ஆக்கி ஏற்றும். யூடியூபில் சிசி பை உரிமத்தில் இருப்பதையும் அது இழுத்து வரும். அதற்குப் பிறகுதான் வீடியோகட்டூல்.

மார்ச் 6, இரவு

மேலே எழுதியதைப் படித்த பிறகு, முதல் நாள் நான் எழுதிய தொனியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று படுகிறது. கணினியில் வெட்டவே வெட்டாதீர்கள் என்று கேட்டிருக்கும். அப்படி இல்லை.

எத்தனை தடவை படம் பிழியப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். போன் எடுக்கும்போதே ஒரு தடவை சுருக்குகிறது. வெப்எம் ஆக்கும்போது இரண்டாவது. வெட்டி மறுபடி எழுதும்போது மூன்றாவது. பொதுவகம் தன் பங்குக்கு 240, 360, 480, 720 என்று சின்ன அளவுகளைத் தயாரிக்கிறதே, வாசகர் பெரும்பாலும் பார்ப்பது அதைத்தான், அது நாலாவது. பகல் வெளிச்சத்தில் எடுத்ததில் இது கண்ணுக்குத் தெரியாது. கொடை விழாவில் ஆட்டம் பெரும்பாலும் ராத்திரிதான் நடக்கும், டியூப் லைட்டும் சீரியல் பல்பும் புகையும்தான் வெளிச்சம். ஜிகினா வைத்த பாவாடை சுற்றும்போது மூன்றாம் தடவைக்கு மேல் கட்டம் கட்டமாக உடைய ஆரம்பித்துவிடும். நான் ஒரு துண்டை மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கரகத்தின் மேலே இருக்கிற கிளி, மூலத்தில் கிளி, துண்டில் பச்சையாக ஏதோ ஒன்று.

அதனால் இப்படிச் சொல்கிறேன். படம் உங்களுடையது, போனில் மூலம் இருக்கிறது, இன்னும் ஏற்றவில்லை என்றால் முதலில் கணினியிலேயே வேண்டிய துண்டை வெட்டி, ஒரே ஒரு தடவை வெப்எம் ஆக்கி ஏற்றுங்கள். முழு நீளமும் ஆவணமாக வேண்டுமென்றால் இரண்டையும் ஏற்றி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுங்கள். ஏற்கெனவே பொதுவகத்தில் கிடப்பது, அதுவும் மற்றவர் ஏற்றியது என்றால் பிரவுசர் கருவிதான் நேர்வழி.

"வெட்டின இடத்தில் வீடியோ ஓரிரண்டு விநாடி தள்ளித் தொடங்குகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்தக் கருவியில் வெட்டினாலும் இது வரலாம். வீடியோவில் எல்லாச் சட்டமும் (ஃப்ரேம்) முழுப் படமாக இருக்காது, சில விநாடிக்கு ஒன்றுதான் முழுப் படம், இடையில் வருவதெல்லாம் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். மறுபடி எழுதாமல் அப்படியே நகலெடுத்து வெட்டினால் அந்த முழுப் படம் இருக்கிற இடத்தில்தான் கத்தி விழும். விநாடி பிசகாமல் வேண்டும் என்றால் மறுபடி எழுதத்தான் வேண்டும், தரம் கொஞ்சம் போகும். எது வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வெட்டுகிறபோது முன்னும் பின்னும் இரண்டு விநாடி தாராளமாக விட்டுவிடுவேன், மேளக்காரர் கையைத் தூக்குகிற இடத்திலிருந்து இருந்தால்தான் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

மார்ச் 9

இனி ஒலி. இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் திருவிழா வீடியோக்களில் பாதிப் பிரச்சினை இதுதான்.

ஆடுபவர் ஆடுகிறார், மேளக்காரர் அடிக்கிறார், பின்னால் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ரேடியோ செட்காரர் சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டே இருப்பார். கோயில் முன்னால் வில்லுப்பாட்டு தொடங்கியாகிவிட்டது, வீசுகோல் வில்லில் விழுகிறது, குடம் அடிக்கிறார்கள், உடுக்கைக்காரர் சுருதி பார்க்கிறார், அந்தப் பக்கம் பாட்டு நிற்கவில்லை. யாராவது ஒருவர் ஓடிப்போய், "அண்ணாச்சி, செட்டை நிப்பாட்டுங்க" என்று சொல்லும்வரை நம் பதிவில் இரண்டும் கலந்துதான் இருக்கும்.

அந்தப் பாட்டுக்கு உரிமையாளர் உண்டு. "எம்.ஜி.ஆர். காலத்துப் பாட்டுதானே" என்று வாதாடுபவர்கள் கவனிக்க: இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். ஆனால் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அவர்கள் இறந்த பிறகும் 60 ஆண்டுகள். போதாக்குறைக்குப் பொதுவகம் அமெரிக்கச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும். தூரத்தில் லேசாகக் கேட்கிறது என்றால் தற்செயல் என்று வாதாடலாம். பல்லவி சரணம் எல்லாம் தெளிவாகக் கேட்டால் நீக்கல் வார்ப்புரு வந்து விழும்.

வீடியோகட்டூலில் ஒலியை நீக்கினால் மொத்த ஒலியும் போகும். பாட்டு கேட்கும் இடத்தை மட்டும் அமுக்க வழி இல்லை. கரகாட்டத்துக்கு ஒலி இல்லாவிட்டாலும் ஒரு மாதிரி ஒப்பேற்றலாம். வில்லுப்பாட்டுக்கு ஒலியை எடுத்தால் மிஞ்சுவது உட்கார்ந்து வாயசைக்கிற ஐந்தாறு பேர். ஆகவே பாட்டு நின்ற பிறகு வருகிற பகுதியைத் தேடிப் பிடித்து அதை மட்டும் வெட்டி எடுப்பதுதான் நான் செய்வது. சில சமயம் இடையில் மின்சாரம் போயிருக்கும், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரைக்கும் நல்ல ஒலி கிடைக்கும். என்னிடம் இருப்பதிலேயே சுத்தமான உடுக்கைப் பதிவு கரண்ட் போன நேரத்தில் கிடைத்ததுதான்.

கலைஞர்களிடம் அனுமதி கேட்பது தனி. நிகழ்த்துபவருக்கும் சட்டத்தில் உரிமை இருக்கிறது, கேட்காமல் ஏற்றாதீர்கள். நிகழ்ச்சி முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் கேட்டால் யாரும் மறுத்ததில்லை. பெயர் போடுவீர்களா என்றுதான் கேட்பார்கள். போடுங்கள்.

மார்ச் 10

மேலேயுள்ள ஒலிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர்: "அப்படியானால் ஒலி நீக்கியதைப் பழைய கோப்பின் மேல் ஏற்றினால் சரியாகிவிடுமே, இங்கே நேரம் மாறவில்லையே?" கெட்டிக்காரத்தனமான கேள்வி. நேரம் மாறாது, வசனமும் கெடாது. ஆனால் பழைய பதிப்பு எங்கும் போகவில்லை. கோப்பு வரலாற்றில் போய் தேதியைத் தொட்டால் யாரும் பாட்டோடு கேட்கலாம். அதை மறைக்க நிர்வாகியால்தான் முடியும், கேட்டு எழுத வேண்டும்.

பாட்டைவிட இது முக்கியமாகிற இடம் வேறு. கூட்டத்தில் ஒரு குழந்தை கேமராவை நேராகப் பார்க்கிறது, வீட்டார் வேண்டாம் என்கிறார்கள். அல்லது விழாக் கமிட்டி பேனரில் பத்துப் பேர் கைபேசி எண்கள் வரிசையாக. ஓரம் வெட்டி மேலே ஏற்றிவிட்டு முடிந்தது என்று நினைத்தால், எண்கள் வரலாற்றில் பத்திரமாக இருக்கும். முகத்தை மங்கலாக்குகிற வசதியும் இந்தக் கருவியில் இல்லை, வெட்டத்தான் முடியும். இப்படிப்பட்டதைக் கணினியில் சரி செய்து, சுத்தமானதை மட்டும் முதல் தடவையே ஏற்றுவதுதான் நல்லது. இதில் பிரவுசர் கருவிக்கு நான் வாதாட மாட்டேன்.

மார்ச் 14

திருவிழாவிலேயே சுற்றுகிறோம், வெளியே வருவோம். எனக்கு இந்தக் கருவி நிஜமாகவே உதவியது நாசா வீடியோக்களில். நாசா தன் ஊழியர்களை வைத்து எடுப்பது அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லாத பொதுவுடைமையாக வருவதால் பொதுவகத்தில் குவிந்து கிடக்கிறது. ஏவுதலுக்கு முன் வர்ணனையாளர் பேச்சு, எண்ணிக்கை, பிறகு புகை, பிறகு மறுபடி பேச்சு. தமிழில் ராக்கெட்டின் அடுக்குகள் பிரிவது பற்றி எழுதுபவருக்கு வேண்டியது அந்தப் பிரிகிற அரை நிமிடம். ஆங்கில வர்ணனையும் வேண்டாம் என்றால் ஒலியையும் எடுத்துவிடலாம், இங்கே ஒலி போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பெரிய கோப்பை இறக்காமல், உட்கார்ந்த இடத்தில் வேலை முடிந்தது.

இதையே சாக்காக வைத்து யூடியூபில் கண்டதை எல்லாம் இழுத்து வெட்டலாமா என்று கேட்காதீர்கள். வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்ற வகை சிசி உரிமங்களைப் பொதுவகம் ஏற்பதே இல்லை. அதனால் உள்ளே முறையாக இருக்கிற எதையும் வெட்டலாம், உரிமம் தடுக்காது. உள்ளே முறையில்லாமல் வந்ததை வெட்டினால், தாய் போகும்போது பிள்ளையும் போகும்.

மார்ச் 15

முதலில் கேட்ட நண்பருக்கு. உங்கள் கோப்பைப் பார்த்தேன். 4:10 முதல் 6:05 வரை பாட்டுச் சத்தம் இல்லை, அதிர்ஷ்டம்தான். 5:20 வாக்கில் இடது ஓரத்தில் பேனர் வருகிறது, எண் எதுவும் படிக்கிற மாதிரி இல்லை, விட்டுவிடலாம். கட்டுரைக்கு அளவுரு போதும் என்றாலும், கரகாட்டப் பகுப்பில் நம் பக்கத்து வீடியோ அதிகம் இல்லை என்பதால் தனித் துண்டும் போடுங்கள். பெயர் மட்டும் போன் கொடுத்த எண்ணாக இருக்க வேண்டாம். ஊர், கலை, ஆண்டு மூன்றும் பெயரில் வரட்டும். தாய்க் கோப்பின் பெயர் எண்ணாகத்தான் இருக்கிறது, மாற்றச் சொல்லி வார்ப்புரு போட்டுவிட்டேன். நீங்கள் பகுப்பை மட்டும் சேருங்கள், இப்போது "திருவிழா" என்று ஒன்றுதான் இருக்கிறது.